நிர்வாகப் படிப்பு வார்டுக்குள் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று வரும் இளைஞர்களோடு வார்டு பொறுப்புச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவர்களின் அக்கறையில் குறையில்லை. கணக்கு, கட்டடம், விளம்பரம், தொழிலாளர் சட்டம் எல்லாம் படித்துத்தான் வருகிறார்கள். ஆனால், காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிய நோயாளி மாலை ஐந்து மணி வரை ஏன் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

அந்தக் கேஸ் ஷீட்டின் பின்னாலேயே நடந்து பார்த்தால் காரணம் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய இளம் மருத்துவர் அறுவை அரங்கில் நிற்பார். மிச்ச மருந்தை மருந்தகம் திரும்பப் பெற்று வரவு வைக்காமல் பில் முடியாது. பில் முடியாமல் காப்பீட்டு ஒப்புதல் வராது. இத்தனைக்கும் யாரும் சும்மா இருப்பதில்லை. அதற்குள் அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடக்க, நிர்வாகமோ கட்டில் போதவில்லை என்று புதுத் தளத்துக்கு வரைபடம் போடும்.

வருவோர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் காலத்தால் பெருக்கினால் உள்ளே இருப்போர் எண்ணிக்கை கிடைக்கும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசைக் கணக்கு இதற்கு மிக எளிதாகப் பொருந்தும். நாளொன்றுக்குச் சராசரியாக 20 பேர் சேர்ந்து ஆளுக்கு 5 நாள் தங்கினால் 100 கட்டில்கள் நிறைந்திருக்கும். வீட்டுக்கு அனுப்புவதில் ஒவ்வொருவருக்கும் வீணாகும் அந்த எட்டு மணி நேரத்தில் பாதியைக் குறைத்தாலே, ஒரு செங்கல்கூட வைக்காமல், மூன்று கட்டில்கள் மிஞ்சும்.

தீர்வை அறிவிப்பது வேறு, நடைமுறைக்குக் கொண்டுவருவது வேறு என்பதையும் மாணவர்கள் கற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் ஆய்வு வெளியானது. அதே பட்டியலைக் கொண்டுவந்த பின் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவிலோ குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. நோயாளியின் பெயரையும் கத்தி வைக்க வேண்டிய இடத்தையும் உரக்கச் சொல்லிச் சரிபார்க்காமல், முடிந்தபின் மொத்தமாக டிக் அடித்த தாள்களை நானே பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

ஆகவே, ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவம் முழுக்க ஒரே வார்டில், ஒரே ஒரு தாமதத்தை எடுத்துக்கொண்டு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து காட்ட வேண்டும் என்று பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டுகிறேன். முயற்சி தோற்றாலும், தோற்ற விதத்தை மறைக்காமல் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் தரலாம். மதிப்பெண் போடும் குழுவில் அந்த வார்டின் செவிலியர் ஒருவரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்