கயலுக்கு, உன் ஆய்வு வரைவைப் பற்றி

கயல் கண்ணு,

நீ அனுப்பிய வரைவை இரண்டு தடவை படித்தேன். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி, நல்ல தலைப்பு. ஆனால் "அளவுசார், பண்புசார் முறைகள் இரண்டையும் பயன்படுத்துவேன்" என்று ஒரே வரியோடு விட்டுவிட்டாய். எது எதற்கு என்று சொல்லவில்லை. உன் மேற்பார்வையாளர் அங்கேதான் பிடிப்பார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்ற இந்தியர்கள் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 27.3. குறைந்தது என்பதை எண் சொல்லிவிட்டது. பாட்டியிடம் தமிழில் பேசும் பிள்ளை அக்கா பக்கம் திரும்பியதும் ஏன் ஆங்கிலத்துக்கு மாறுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும், கூட இருந்து பார்க்க வேண்டும். 'எத்தனை பேர், எவ்வளவு' என்பதற்கு வினாத்தாள், அது அளவுசார் முறை. 'எப்படி, ஏன்' என்பதற்கு நேர்காணல், அது பண்புசார் முறை.

ஞாயிறு காலை தேக்கா சந்தையில் 100 பேரைக் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறாய். 95 விழுக்காடு நம்பிக்கை அளவில் 100 பேருக்குப் பிழை வரம்பு ஏறக்குறைய 10 புள்ளி முன்பின், 400 பேருக்கு 5. அதாவது 100 பேரைக் கேட்டு 50 விழுக்காடு என்று கண்டால், உண்மை 40க்கும் 60க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேண்டும். இந்தக் கணக்கும் குலுக்கல் போல எடுத்த மாதிரிக்குத்தான் பொருந்தும். தேக்காவில் நின்றால் தமிழ் பேசிக் காய்கறி வாங்குபவர்கள்தான் அதிகம் கிடைப்பார்கள். பொங்கோல் வட்டாரத்தில் ஆங்கிலமே பேசும் குடும்பம் உன் கண்ணில் படாது. 4,000 பேரைக் கேட்டாலும் அந்தச் சாய்வு போகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட்.

மூன்றாம் கேள்வியை எடுத்துவிடு. "வீட்டில் தமிழை மதித்து அடிக்கடி பேசுகிறீர்களா?" என்பது இரண்டு கேள்வி. தமிழை மதிக்கவில்லை என்று யாரம்மா எழுதுவார்கள்? "நேற்று இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசினீர்கள்?" என்று கேள். தமிழ் மட்டும், பெரும்பாலும் தமிழ், பாதிக்குப் பாதி, பெரும்பாலும் ஆங்கிலம், ஆங்கிலம் மட்டும் என்று கொடுத்துவிட்டு, 'நேற்று சேர்ந்து சாப்பிடவில்லை' என்றும் ஒரு கட்டம் வை. அது இல்லாவிட்டால் இரவு வேலைக்குப் போனவர் எதையாவது ஒன்றைக் கிறுக்கிவிட்டுப் போவார், உனக்குத் தெரியவே தெரியாது.

நேர்காணலுக்கு 12 பேர் போதும் என்கிறாய். ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்கள் என்றால் அந்த அளவில் புதுக் கருத்து வருவது அடங்கிவிடலாம். உன் ஆய்வில் மூன்று தலைமுறை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அந்த நிலை வருகிறதா என்று பார்த்து நிறுத்து. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், கலப்புப் பேச்சுக்கு இன்னும் கூடும். அதற்குப் பயந்து நேராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதிவிடாதே. "சாப்டியா? ஹோம்வர்க் ஃபினிஷ் பண்ணிட்டியா? தென் கோ அண்ட் ஸ்லீப்" என்று ஒரு அம்மா சொன்னால், சோற்றுக்குத் தமிழும் பாடத்துக்குக் கலப்பும் அதட்டலுக்கு ஆங்கிலமும் வந்த அந்த இடம்தான் உன் தரவு. மொழிபெயர்த்தால் மூன்றும் ஒரே ஆங்கிலமாகிவிடும். பேசியபடியே எழுது, பிறகு குறியிடு, அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு சிறு பெயர் கொடு. முதல் இரண்டு பதிவுகளை உன் தோழி ஒருத்தியும் தனியாகக் குறியிடட்டும்; எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே உன் குறியின் விளக்கம் தெளிவில்லை என்று பொருள்.

வரிசையையும் மாற்று. முதலில் ஐந்தாறு பேரிடம் பேசி, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே வினாத்தாளை எழுது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன் ஒருவரிடமும் பதிவுக் கருவியை நீட்டாதே. சிறு பிள்ளைகளிடம் பேசப் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

வினாத்தாள் தயாரானதும் பத்துப் பேரிடம் கொடுத்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார். எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று குறித்து எனக்கு அனுப்பு.

அம்மா