அந்த மூன்று லைனைக் கழித்துவிடாதே

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். "அசோசியேஷன் ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை" என்று ஒற்றை வரி அனுப்பினாய், எந்த மரபணு மாறுபாடு எந்தக் குணத்தோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கும் அந்தக் கணக்கைத்தானே சொல்கிறாய். அதோடு சரி, போன் இல்லை. தங்கையிடம் பேசுகிறாயாம், அவளிடமாவது பேசு. சாப்பாடு, தூக்கம் பற்றிக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். உன் நிலக்கடலை ஆராய்ச்சியைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒன்றும் வராததற்கு ஃபில்டர்தான் காரணமாக இருக்கும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே உள்ள அலீலையெல்லாம், அதாவது மரபணுவின் மாற்று வடிவங்களையெல்லாம், கழித்துவிட்டுத்தானே ஓட்டுகிறீர்கள்? உன்னிடம் உள்ள 300 லைனில், அதாவது தனித்தனி விதை வழிகளில், மூன்றில் மட்டும் இருக்கும் மாறுபாடு ஒரு சதவீதம். கணக்கு தொடங்கும் முன்பே அது வெளியே போய்விடும். ஃபில்டரை எடுத்தாலும் மூன்று லைனை வைத்து அந்தக் கணக்கு எதையும் உறுதியாகச் சொல்லாது. அதனால் அரிய மாறுபாடுகளைத் தனிக் கோப்பில் போட்டுவை. புரதத்தைப் பாதியில் நிறுத்துகிறவற்றை முதலில் பார். ஒரே மரபணு வெவ்வேறு லைனில் வெவ்வேறு இடத்தில் கெட்டிருந்தால், அவற்றை ஒன்றாகக் கூட்டிச் சோதி.

அரிதானது எதற்கு உதவும் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால், எஃப்435-ஐச் சொல். 1987-ல் ஃபுளோரிடாவில் அறிவித்த நிலக்கடலை லைன், இயற்கைத் திரிபு. எண்ணெயில் ஒலிக் அமிலம் 80 சதவீதம், எண்ணெயைச் சீக்கிரம் காற வைக்கும் லினோலிக் 2 சதவீதம். இரண்டு மரபணு சேர்ந்து செய்த வேலை அது. ஃபேட்2ஏ என்ற மரபணுவில் 448-வது இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து போய் ஏ வந்தது. அதன் ஜோடியான ஃபேட்2பி-யில் 442-வது இடத்தில் ஒரு ஏ கூடுதலாக நுழைந்து, அதற்குப் பிறகு மூன்று மூன்றாகப் படிப்பதே குலைந்தது. முதலாவது கொடி ரகங்களில் நிறையக் கிடைக்கும். இரண்டாவதுதான் அரிது, அது சேராமல் எண்ணெய் அந்த அளவுக்கு மாறாது. அந்த வழியில் வந்த சன்ஒலிக் 95ஆர் ரகத்தைக் கலந்துதான் கிர்நார் 4, கிர்நார் 5 என்ற நம் நாட்டு ரகங்கள் இரண்டும், இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்த கூட்டு முயற்சியில் வந்தன. எண்ணெய் சீக்கிரம் காறாத மல்லாட்டை (நிலக்கடலை) நம் ஊர் செக்குக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பிழையும் அரிதாகத்தான் தெரியும், கண்ணா. நிலக்கடலைக்கு 40 குரோமோசோம், ஏ, பி என்று இரண்டு தொகுதி, இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். பி-யிலிருந்து படித்த டிஎன்ஏ துண்டு, அதாவது ரீட், கணினியில் ஏ மேல் போய் உட்கார்ந்துவிடும். எல்லா லைனிலும் ஓர் இடத்தில் இரண்டு எழுத்து கலந்து தெரிந்தால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பயிர் இது. பல தலைமுறை தாண்டிய லைனில் கலப்பு அலீல் தெரிந்தால் சந்தேகப்படு. ஐந்து ரீடில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் நம்பாதே. ரீட்களைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்து, மாற்றம் ரீடின் நுனியில் மட்டும் குவிந்திருக்கிறதா என்று கண்ணால் பார். பிறகு ஏ, பி இரண்டையும் தனித்தனியே பிடிக்கும் பிரைமர் (குறிப்பிட்ட இடத்தைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டு, அந்த இடத்தை மட்டும் படிக்கும் சாங்கர் முறையில் உறுதி செய்.

விதையைத் தனியாக வை. ஜீன் வங்கியிலிருந்து வரும் பை ஒரே செடியின் விதை இல்லை, கலந்திருக்கும். எந்தச் செடியில் டிஎன்ஏ எடுத்தாயோ, அந்தச் செடியின் காயையே பறித்துத் தனிப் பையில் வை. வங்கிப் பையிலிருந்து மறுபடி எடுத்து விதைத்தால், கணினியில் பார்த்தது வயலில் இருக்காது. பழி மார்க்கர் மேல், அதாவது மாறுபாட்டைக் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ அடையாளத்தின் மேல், விழும்.

அந்த மாறுபாட்டை நம் ரகத்துக்குக் கொண்டுவரும் கலப்புக்கு நம் கொத்து ரகத்தைத் தாயாக வை. மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிடு, மறுநாள் விடிகாலையில் மகரந்தம் வை. பூவின் அடிக்குழல் மெல்லியது, அழுத்திப் பிடித்தால் ஒடிந்துவிடும். சேர்த்த பூவுக்கு நூல் கட்டி, மற்ற பூக்களைத் தினமும் கிள்ளிவிடு. இல்லையென்றால் மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் எந்த விழுது எந்தப் பூவினுடையது என்று தெரியாது. முதல் தலைமுறையான எஃப்1-ஐ மார்க்கரில் பார்த்து, கலப்பில் வராததைக் கழி. எஃப்435 போல இரண்டு ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வேலை காட்டுவது) வேண்டுமென்றால், அடுத்த தலைமுறையான எஃப்2-வில் இரண்டும் சேர்ந்து வருவது 16-ல் ஒன்று. ஒரு செடியாவது கிடைக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 47 செடி, 99 என்றால் 72. முளைப்பு கெடும், நூறாகவே போடு. பருப்பில் முளைக் கருவுக்கு எதிர் முனையில் ஒரு சீவல் எடுத்து டிஎன்ஏ-வுக்கு அனுப்பு, மீதிப் பருப்பு முளைக்கும். சீவல் தட்டின் எண்ணும் விதைப் பையின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், விதையைத் தனியாக வை.

உன் கட்டுரையை அப்பா அச்செடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பெரியம்மா வீட்டு விசேஷத்திலும் அதே பேச்சுதான். நீ ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த மூன்று லைனுக்கும் அந்த இடத்தில் எத்தனை ரீட், அதில் எத்தனை மாறியது என்று எழுதி அனுப்பு. எழுத நேரமில்லை என்றால் ஞாயிறு காலை போன் செய்து எண்ணை வாசி, நான் குறித்துக்கொள்கிறேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா