மாத்திரைக்கு விலை தெரியும், பரிசோதனைக்கு?

மதிப்பிற்குரிய மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை அட்டையைத் திருப்பினால் எம்.ஆர்.பி. இருக்கும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால், 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு உச்சவரம்பும் உண்டு. அந்த மாத்திரை தேவையா என்று முடிவு செய்ய உதவும் ரத்தப் பரிசோதனையின் விலையைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை.

அம்மாவுக்கு அந்தப் பரிசோதனையை, அதாவது ரத்தக் கொழுப்புகளை அளக்கும் லிப்பிட் ப்ரொஃபைலை, எடுக்கத் தஞ்சாவூரில் விசாரித்தேன். ஒரு லேபில் 350 ரூபாய். அதே சாலையில் இருக்கும் மருத்துவமனையில் 900. இன்னொரு இடத்தில், "முதல்ல டாக்டரைப் பாருங்க சார், பில் போடும்போது தெரியும்" என்றார்கள். பிறகு, "பேக்கேஜா போட்டுக்குங்களேன், லாபம்" என்று யோசனை வேறு.

அந்த 900 ரூபாய் பில்லைப் பார்த்தால், வி.எல்.டி.எல். என்ற ஒரு வகைக் கொலஸ்ட்ராலுக்குத் தனியாக 120. பல லேப்களில் இயந்திரம் அளப்பது மொத்தக் கொலஸ்ட்ரால், 'நல்ல' கொலஸ்ட்ராலான ஹெச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆகிய மூன்றைத்தான். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல். மொத்தத்திலிருந்து அதையும் ஹெச்.டி.எல்.லையும் கழித்தால் 'கெட்ட' கொலஸ்ட்ராலான எல்.டி.எல். அதாவது, ஒரு வகுத்தல் கணக்குக்கு 120 ரூபாய் கூலி! எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கும் முறையும் இருக்கிறது. அதற்குச் செலவு கூடும். அப்படி அளந்தால் வாங்கட்டும், பில்லில் அதைச் சொல்லிவிட்டு வாங்கட்டும்.

எல்லா இடத்திலும் ஒரே விலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தரச்சான்று வாங்கி, அளவு தெரிந்த மாதிரியை (கன்ட்ரோல்) தினமும் ஓட்டி இயந்திரத்தைச் சரிபார்க்கும் லேபுக்குச் செலவு அதிகம்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், எழுபதைத் தாண்டியவர் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க முடிகிற நாளில்.

விலை மறைந்தே இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2011-இல் கலிஃபோர்னியா மருத்துவமனைகள் இதே பரிசோதனைக்குப் போட்ட கட்டணம் 10 டாலரிலிருந்து 10,169 டாலர் வரை இருந்ததாக ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. 2021 முதல் அங்கே மருத்துவமனைகள் விலைகளை வெளியிட்டே ஆக வேண்டும்.

இங்கேயும் வழி இருக்கிறது. மருத்துவமனைகள், லேப்களுக்கான மத்திய அரசின் 2012 விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. நம் மாநிலத்துக்கு இதற்கென 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் 2018 விதிகளும் தனியாக இருப்பதால் அது இங்கே செல்லாது. ஆனால் மருத்துவமனைகளையும் லேப்களையும் பதிவு செய்வது உங்கள் துறைதானே? பதிவைப் புதுப்பிக்கும்போது ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்: அடிக்கடி எடுக்கும் பரிசோதனைகளின் முழுக் கட்டணம், ஊசி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து, வாசலில் தமிழில் இருக்க வேண்டும்; போனில் கேட்டாலும் அதே தொகையைச் சொல்ல வேண்டும். பலகை இல்லையென்றால் மாவட்ட இணை இயக்குநரிடம் புகார் கொடுக்க ஓர் எண்ணையும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஒரு மகன்