புது வீட்டுக்குப் பின்னால மொட்டையா நிக்கிற மண்மேடு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தோட்டத்துல புது வீடு குடுத்த செய்தி உங்க பத்திரிகையில வந்தா நான் மொதல்ல பாக்குறது படத்துல வீட்டுக்குப் பின்னால தெரியிற மண்மேட்டைத்தான். அநேகமா செக்கச்செவேர்னு மொட்டையாத்தான் நிக்கும்.

எங்க வீட்டு ஸ்கீமும் அப்பிடித்தான். ஆளுக்கு 7 பேர்ச்சஸ் காணி, பெக்கோன்னு சொல்ற மண் வெட்டுற மெஷின் வந்து சரிவை படிக்கட்டு மாதிரி வெட்டி மேல்மண்ண பூரா பள்ளத்துல தள்ளிட்டுப் போயிருச்சு, அப்புறம் முன்பக்கம் கொஞ்சம் மலேசியன் புல்லு, பாதை ஓரம் நாலு அழகுச்செடி, அவ்வளவுதான் நட்டாங்க. பின்னால வெட்டின மேட்டுக்கு ஒண்ணுமில்ல. மொத ஐப்பசி மழையிலயே சேறு குசினி கதவு வரைக்கும் வந்துருச்சு, நானும் வீட்டுக்காரரும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அள்ளினோம். 2014 ஒக்டோபர் 29ல மீரியபெத்தை தோட்டத்துல லயத்தோட (வரிசை வீட்டோட) சனத்தை மண்ணு மூடினத மறக்காத ஊருங்க இது, மழை ஓங்கி அடிச்சா யாருக்கும் தூக்கம் வராது.

எங்க அப்பா தோட்டத்துல தண்ணி ஓடுற கான் வெட்டினவரு. பழைய தேயிலைய புடுங்கிட்டு புதுசு நடுறதுக்கு முன்னாடி மலை பூரா மானாவோ குவாத்தமாலா புல்லோ போட்டு ஒண்ணரை ரெண்டு வருஷம் அப்பிடியே விடுவாங்க, மண்ணு தேறி வரட்டும்னு. தேயிலைக்கு இவ்வளவு பாக்குறாங்க, மனுஷன் குடியிருக்கிற மண்ணுக்கு ஏன் பாக்கக்கூடாதுன்னுதான் கேக்குறேன். மானா நம்ம பத்தனையில, அதான் மலையில இருக்கிற புல்வெளியில, தானா வளர்ற புல்லு, உரம் வேணாம், தண்ணி ஊத்த வேணாம், வேரு மண்ண கொத்தாப் புடிச்சுக்கும். மலேசியன் புல்லு மேலாக்கத்தான் வேர் விடும், சரிவுல அது பாய் மாதிரி உரிஞ்சு வந்தத நானே பாத்தேன்.

பெரிய மண்சரிவை புல்லு நிப்பாட்டாதுன்னு எனக்கும் தெரியும் ஐயா, அதுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து பாக்கணும், கானு வேணும், மதில் வேணும். ஆனா மேல்மண்ணு அரிச்சு வந்து கான் அடைபட்டா தண்ணி போக வழியில்லாம மேட்டுக்குள்ளதான எறங்கும். அந்த அரிப்பை நம்ம செடி கொறைக்கும்.

மேட்டு ஓரத்துக்கு போவிட்டியா செடி நல்லா இருக்கும், ஊதாப் பூ பூக்கும், ரோட்டோர மண்மேட்டுல யாரும் நடாமலே வளருது. ஊவா பக்கம்னா நெல்லி, அது நம்ம காட்டு மரம், காயும் கெடைக்கும். ஈரமான எடத்துக்கு வல்லாரை விட்டா சம்பலுக்கும் ஆச்சு. நுவரெலியா மாதிரி மேல இருக்கிற எடத்துல வில்லா, ஹோட்டல் கட்டுறவங்க செகப்பா பூக்கிற மஹ ரத்மல் மரம் நடலாமே, ஹோர்டன் சமவெளிக்கு வர்றவங்க அதை நின்னு பாத்துட்டுப் போறாங்க. வெளிநாட்டுச் செடியில அழகுக்குன்னு வந்து ஊரையே புடிச்சதும் இருக்குது, 1926ல பேராதனை பூங்கா வழியா வந்த நாயுண்ணி இன்னைக்கு எங்க இல்ல? ஹோர்டன் சமவெளியில கோர்ஸ் முள்ளுச்செடிய ஆளுங்க கூடி புடுங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வீடு கட்டிக் குடுக்கிறவங்க எஸ்டிமேட்ல சீமெந்து, கூரைத்தகடுன்னு எழுதுறப்போ மேட்டுக்கு மானா, போவிட்டியா, நெல்லின்னு ஒரு வரி எழுதுங்க. பெக்கோ எறங்குற அன்னைக்கே மேல்மண்ண தனியா குவிச்சு வச்சு கடைசியில திருப்பிப் போடுங்க. சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலமாவது அந்தச் செடி வேர் புடிக்கட்டும். எதை எங்க நடணும்னு கேக்க ஆள் வேணும்னா தோட்டத்துல கான் வெட்டின பெரியவங்க இன்னும் இருக்காங்க, கேட்டா சொல்லுவாங்க.

போன வருஷம் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் எங்க அப்பா சொன்ன மாதிரி குறுக்க குறுக்க வரிசையா மானா நட்டோம், இப்ப இடுப்பளவு நிக்குது, இந்தத் தடவை குசினி பக்கம் சேறு வரல. எங்க வரிசையில மிச்சம் ஆறு வீட்டு மேடு இன்னும் மொட்டையாத்தான் இருக்குது, அதுக்கு வேண்டிய நாத்த நாங்களே பிரிச்சுக் குடுக்கப் போறோம்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
ஹப்புத்தளை