பழுது பார்த்த டிடெக்டரோடு ஒரு கடிதம்

வேலூர், சத்துவாச்சாரி
வைகாசி மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலம். உங்கள் நீரடி மெட்டல் டிடெக்டர் சென்ற வாரம் பார்சலில் வந்து சேர்ந்தது. தூத்துக்குடிக் கடலில் 12 மீட்டர் ஆழத்தில் திடீரென்று நின்றுவிட்டதாகவும், அந்த ஆழத்தின் அழுத்தமே அதைக் கெடுத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். திறந்து பார்த்தபின் என் கருத்து வேறாக இருக்கிறது.

பேட்டரி மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தது. அதன் வழியாகக் கசிந்த கடல்நீர் ஒரு தேக்கரண்டிகூட இருந்திராது. பேட்டரியைக் கழற்றாமலே பத்து நாள் வைத்திருந்ததால் அந்தச் சிறிது நீருக்குள் மின்சாரம் ஓடி, நேர்மின் முனையிலிருந்த செம்பைக் கரைத்துப் பச்சைப் பூச்சாக்கிவிட்டது. நீர் புகுந்தது தெரிந்த அந்த நிமிடமே பேட்டரியைப் பிரித்துவிட்டு, உள்ளே வாலை வடிநீரால் கழுவி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் அலசிக் காயவிட்டிருந்தால் மின்சுற்றுப் போர்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்ததாக எழுதியிருந்தீர்கள். அரிசி உப்பை எடுப்பதில்லை. உப்பு தங்கும்வரை அரிப்பும் நிற்பதில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சென்ற ஆண்டு கத்திரி வெயிலில் காட்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாவின் தாலிச் சங்கிலி கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டியை ஒரு நாள் முழுவதும் இறக்கிப் பார்த்தும் அகப்படாததால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கருவியைக் கைப்பிடிச் சுவரின்மேல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அது தொட்டால் சுடும் நிலையில் இருக்கும்போதே மூழ்குபவரின் கையில் கொடுத்து நீருக்குள் இறக்கினேன். கால் மணி நேரத்தில் அது ஊமையாகிவிட்டது. பிறகு மோட்டார் வைத்து நீரை இறைத்துச் சேற்றைத் துழாவிச் சங்கிலியை எடுத்தார்கள். அந்த அம்மா மாலைவரை சாப்பிடாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த காற்று 55 டிகிரியிலிருந்து கிணற்று நீரின் 28 டிகிரிக்குக் குளிரும்போது அதன் அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறைகிறது. சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் ஏற்கெனவே வெளியே கசிந்திருந்தால், முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகமான நீர் வெளியிலிருந்து அழுத்துவதற்குச் சமமான ஓர் உறிஞ்சல் பெட்டிக்குள் உண்டாகிறது. ஆழத்தில் நீரின் அழுத்தமே ஓ-ரிங்கைப் பள்ளத்தின் சுவரோடு நெருக்கி அடைப்பை வலுவாக்கும். மேற்பரப்பில் அந்த உதவி இல்லை; ஒரு மணல் துகளோ முடியோ இருந்தால் உறிஞ்சல் நீரை உள்ளே இழுத்துவிடும். ஆகவே ஆழத்தைவிட வெயிலுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். படகிலும் கருவியை ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள்.

கிரீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கருவியில் இருப்பது கறுப்பு நைட்ரைல் ரப்பர் வளையம். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் பொருந்தும். வளையமே சிலிக்கான் ரப்பராக இருந்தால் அதே கிரீஸ் அதை ஊதச் செய்யும். எதுவானாலும் வளையம் பளபளக்கும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். கிரீஸ் அடைப்பதற்கானது என்று எண்ணி அப்பினால் அது மணலைத்தான் சேர்த்துப் பிடிக்கும்.

இரண்டாவது பழுதையும் கண்டேன். நீர் புகாதிருந்தாலும் இது உங்களை விரைவில் நிறுத்தியிருக்கும். உலோகத்தை உணரும் கம்பிச் சுருளான காயிலுக்குள் கேபிள் நுழையும் கழுத்தில், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. மல்டிமீட்டரை இணைத்துக் கேபிளை மெல்ல வளைத்தபோது, இரண்டு ஓமில் நிலையாக நிற்க வேண்டிய மின்தடை அளவு துள்ளித் துள்ளி ஏறியது. சில மாதங்களாகக் காரணமின்றிக் கத்துகிறது என்று நீங்கள் சொன்னது இதனால்தான். அறுந்த பகுதியை வெட்டிவிட்டு, கழுத்திலிருந்த கெட்டிப் பசையான எபாக்ஸியை இரண்டு நாள் பொறுமையாகச் சுரண்டி, அதே கேபிளின் நல்ல பகுதியையே திரும்பப் பற்றவைத்தேன். கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு ஷீல்டு கேபிளை மாட்டியிருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் உங்களுடையது பல்ஸ் வகை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் காயில் அடங்கிய சில மைக்ரோ விநாடிகளில் அது எதிரொலியைக் கேட்கிறது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தன்மை) கூடினால் அடங்கும் நேரம் நீண்டு, மெல்லிய தங்கத்தின் எதிரொலி கேட்காமலே மறைந்துவிடும்.

கத்துவதெல்லாம் பழுதும் அன்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம், தோல் பதனிடும் கழிவால் உப்பேறிய கிணறுகளில் ஒற்றை அதிர்வெண் கருவியை இறக்கினால், உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால் அது ஓயாமல் ஒலிக்கும். சென்ற மாதம் ஒருவர் அப்படி ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார்; ஒரு திருகைக்கூடத் தொடாமல், சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் ஹெட்போனில் குறை ஒன்றும் இல்லை. போர்டில் அரித்த தடங்களுக்குப் பதில் மெல்லிய கம்பி ஓடவிட்டிருக்கிறேன். பெட்டியை மட்டும் தனியே எடுத்து, உள்ளே டிஷ்யூ தாளை வைத்து மூடி, கல்லைக் கட்டி எங்கள் கிணற்றின் அடியில் ஓர் இரவு முழுவதும் கிடக்கவிட்டேன். காலையில் தாள் உலர்ந்திருந்தது. எங்கள் கிணற்றில் இப்போது 6 மீட்டர் நீர்தான் இருக்கிறது. நீங்கள் இறங்குவது அதைப் போல இரு மடங்கு. அதனால் போர்டைப் பெட்டியில் பூட்டாமல் தனி உறையில் அனுப்புகிறேன். முதல் நாள் வெறும் பெட்டியை உங்கள் ஆழத்துக்கு இறக்கி, தாளை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். அதன்பின் எப்படிப் பூட்டுவது என்று சொல்கிறேன். மாற்று ஓ-ரிங் நான்கும் பார்சலில் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பழைய விடுதி அறை நண்பன்