கொடை வரிப் பட்டியலும் நானூறு கைப்பேசி எண்களும்

கொடைக் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு, வணக்கம்.

நம் கோயிலின் இந்த ஆடிக் கொடைத் திருவிழா முடிந்ததும் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு எல்லோரும் ஜோஹோ கம்பெனியின் அரட்டை செயலிக்கு மாறிவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை குரல் பதிவு போட்டிருந்தீர்கள். கீழே முப்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நாலு பேர் டெலிகிராம் என்றார்கள். ஒரு தம்பி சிக்னல் என்றான். குழுவில் பதில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும் என்பதால் இதை மடலாகவே எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் கொடை வரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் குழுவில் போட்டீர்கள். தலைக்கட்டு (குடும்ப) எண், பெயர், கைப்பேசி எண், கட்டியது, பாக்கி என்று எல்லாம் அதில் இருந்தது. பத்து நாள் கழித்துத் தாராவியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஓர் அழைப்பு. கோயில் பெயரைச் சொன்னான், பெரியப்பா பெயரைச் சொன்னான், பாக்கி 1,500 ரூபாய் என்று துல்லியமாகச் சொன்னான். பெரியம்மா பேரனை விட்டுப் பணத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் அன்னதானத்துக்கு 5,000 வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டிருக்கிறான். அப்போதுதான் காதில் ஏதோ இடறியிருக்கிறது. "'பேசுறேன்'ங்கான். நம்மூர்க்காரன்னா 'பேசுதேன்'னுல்லா சொல்லுவான்" என்றார் என்னிடம். ஐம்பது வருடம் பம்பாயில் இருந்தும் அந்தக் காது மட்டும் ஊரிலேயே இருக்கிறது. 5,000 தப்பியது. 1,500 போனது போனதுதான்.

இதில் வாட்ஸ்அப்பை என்ன குறை சொல்ல? 2016 முதல் அதில் செய்தி அனுப்புகிறவர் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் கைப்பேசியில்தான் திறக்கிறது. நடுவில் கம்பெனியால்கூடப் படிக்க முடியாது. ஆனால் நம் குழுவில் பெறுகிறவர்கள் நானூறு பேர். ஒருவர் மருமகனுக்கு அனுப்ப, மருமகன் இன்னொரு குழுவில் போட, பூட்டு என்ன செய்யும் பாவம். போதாக்குறைக்கு, வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோர் கண்ணிலும் படும்.

யாரும் பூட்டைப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் உண்மை. பெரியம்மாவுக்கு எழுத வராது, குரல் பதிவுதான். பேரன் எதைப் போட்டுக் கொடுத்தானோ அதுதான் அவருக்குப் போன். துபாயில் இருக்கும் நம் பையன்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். பேச வேண்டும் என்றால் போட்டிம் (BOTIM) என்ற செயலிக்கு வரச் சொல்வார்கள், வாட்ஸ்அப் அழைப்பை அந்த நாட்டில் அனுமதிப்பதில்லையே. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் டெலிகிராமை விட மாட்டார்கள். நோட்ஸ் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

2021 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்குடன் தகவல் பகிர்வது பற்றிய புதுக் கொள்கையை ஒப்புக்கொள்ளச் சொல்லி வாட்ஸ்அப் அறிவிப்பு விட்டதும் நம் குழுவே கொதித்தது. (அந்தக் கொள்கைக்காகத்தான் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது.) அன்றைக்குச் சிக்னலில் புதுக்குழு தொடங்கினோம், 11 பேர் சேர்ந்தோம். அதில் கடைசிச் செய்தி இன்னும் அப்படியே இருக்கிறது: "எல்லாரும் வந்தாச்சா?"

அந்தரங்கம் ஒன்றையே பார்த்தால் சிக்னல்காரத் தம்பி சொன்னதுதான் சரி. லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளை அதை நடத்துகிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது, கணக்குத் தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பெரியம்மா அங்கே வர மாட்டார், நம் ஊரில் பாதிப்பேரும் வர மாட்டார்கள்.

டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கும் குழுவுக்கும் நான் சொன்ன பூட்டு கிடையாது. ரகசிய உரையாடல் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்கு மட்டும். மற்ற செய்தியெல்லாம் அவர்கள் சர்வரில், சாவியும் அவர்கள் கையில். ஆனால் எண்ணை மறைத்துக்கொண்டு குழுவில் இருக்கலாம். பெரியம்மாவுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை.

அரட்டை என்றதும் எனக்கும் பெருமைதான். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது, நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் நாடே அதை இறக்கிய சமயத்தில் அழைப்புகளுக்குத்தான் பூட்டு இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திக்கு இல்லை. பிறகுதான் அந்த வேலையில் இறங்கினார்கள். நம் மண்ணுக்காரன் செய்தது என்பது ஒரு காரணம், சரி. குழுச் செய்திக்கும் பூட்டு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். மாறினாலும் அதே நோட்டை அங்கேயும் படம் பிடித்துப் போடுவதாக இருந்தால் மெனக்கெட வேண்டாம்.

கொடைக்குப் பந்தல் கால்நாட்டுவதற்கு முன்னால் கமிட்டி கூடும்போது இதை மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி என்று தொடங்கி, அதன் அறிவிப்புக் குழுவில் ஊரைச் சேர்த்தால், அட்மின் தவிர மற்றவர்களுக்கு ஒருவர் எண் ஒருவருக்குத் தெரியாது. கொடை நாள், வில்லுப்பாட்டு நேரம், அன்னதானம் எல்லாம் அதில் போடலாம். வரிப் பட்டியலைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள், எண் இல்லாமல். பாக்கியை அவரவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். பணம் கேட்டு யாரும் போனில் கூப்பிட மாட்டோம் என்று ஒரு குரல் பதிவும் போடுங்கள், உங்கள் குரலிலேயே, நம் ஊர்ப் பேச்சில். போன வருடப் படங்களை இனி அழிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் போட்டவர் எல்லோருக்கும் சேர்த்து அழிப்பதற்குக் கெடு 2 நாள் 12 மணி நேரம்தான், அதற்குள் அழித்திருந்தாலும் சேமித்துவைத்தவர் கையில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த வருட வரியை வழக்கம்போல் நேரில் வந்து கட்டிவிடுகிறேன். பெரியம்மாவின் பாக்கி 1,500ஐயும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
வடக்குத் தெருக்காரன்
(தலைக்கட்டு எண்ணைப் போடவில்லை. நோட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.)