கொங்கு நாட்டுக் கல்லூரி இயற்பியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரங்களில் இயற்பியல் பயிலும் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில், சனிக்கோளின் காந்தக்கோளம் (அக்கோளின் காந்தப்புலம் ஆளும் வெளி) உமிழும் ஆற்றல்மிகு நடுநிலை அணுக்களுக்கும் இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

காந்தப்புலத்தில் சிக்கிய வேகமான அயனி புலக்கோடுகளைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். சனியைச் சுற்றிலும், பெரும்பாலும் என்செலடஸ் துணைக்கோளின் தென்முனையிலிருந்து பீறிடும் நீராவியால், குளிர்ந்த நடுநிலை வளிமம் பரவியுள்ளது. அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்ட கணமே அயனி மின்னேற்றம் இழந்து, சோளக்காட்டில் கிளி விரட்டுபவரின் கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, அப்போது சென்றுகொண்டிருந்த திசையிலேயே ஏறத்தாழ நேர்கோட்டில் பறந்துவிடுகிறது. ஒளியைக் கொண்டு படமெடுப்பதுபோல் இவ்வணுக்களைக் கொண்டும் படமெடுக்க முடிவது இதனால்தான்.

காசினி விண்கலத்தின் இன்கா கருவி இதைத்தான் செய்தது. 2000 டிசம்பரில், ஏறத்தாழ ஒரு கோடி கிலோமீட்டர் தொலைவில் வியாழனைக் கடந்தபோதே, யூரோப்பாவின் சுற்றுப்பாதையையொட்டி ஒரு வளிம வளையம் இருப்பதை அது காட்டிக்கொடுத்தது. பின்னர் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியபோது, ஏறத்தாழ 10.8 மணிக்கு ஒரு முறை கோளைச் சுற்றிவரும் ஒளிர்வுத் திட்டுகளைப் பதிவு செய்தது.

அப்படங்களின் மூலத்தரவுகள் நாசாவின் கோள் அறிவியல் காப்பகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் பொறுமையும் போதும். படத்தில் ஓரிடம் பிரகாசமாகத் தெரிவது அயனிகள் மிகுந்திருப்பதாலா, வளிமம் அடர்ந்திருப்பதாலா என்று பிரித்தறிவதுதான் கடினம். பார்வைக்கோடு நெடுகிலும் இவ்விரண்டின் பெருக்கற்பலனின் கூட்டுத்தொகையே நமக்குக் கிடைப்பதால், ஒரு கணித மாதிரியைக் கட்டி ஒப்பிட்டால் மட்டுமே விடை காண முடியும். விடை முன்பே தெரிந்த சோதனைகளை விட இது மாணவருக்கு மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

இத்துறை நமக்கு அந்நியமானதும் அன்று. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 கலத்தின் சாரா கருவி, நிலவின் தரையில் மோதும் சூரியக்காற்றுப் புரோட்டான்களில் ஒரு பங்கு நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களாகத் திரும்புவதைக் கண்டது. அங்கே நிகழும் முறை வேறு என்றாலும், அணுக்களைக் கொண்டு படமெடுக்கும் கலை ஒன்றே.

2023 ஏப்ரலில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம், இத்தகைய கருவிகளுடன் 2031 ஜூலையில் வியாழனை அடையவிருக்கிறது. அத்தரவுகளைக் கையாளும் பயிற்சியை இப்போதே தொடங்க, துறைக்கு ஒரு மாணவரையேனும் வரும் கல்வியாண்டில் இப்பணியில் ஈடுபடுத்தி, கணினித்துறை ஆசிரியர் ஒருவரையும் இணை வழிகாட்டியாக அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.